அடுப்பும் நகரசபையும்



வீட்டு அடுப்பைக் குறித்து நகரசபை சட்டம் இயற்றலாமா? இயற்றலாமெனின், அவ்வடுப்பின் முன் நின்று சமைப்பவரின் கருத்தை எப்போது கேட்டல் வேண்டும்? ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் பல அண்மைக் காலத்தில் எதிர்நோக்கிய வினாக்கள் இவை.

இலங்கை வீடுகளில் 'காஸ்' என வழங்குவது சிலிண்டரில் அடைத்து விற்கப்படும் பெற்றோலிய வாயுவாகும். அமெரிக்க நகரங்களிலோ நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் இயற்கை வாயு, தண்ணீரைப் போலக் குழாய் வழியே வீடு தேடி வருகின்றது. சமைப்பதற்கும், நீரைச் சூடாக்குவதற்கும், குளிர்காலத்தில் அறைகளை வெப்பமாக வைத்திருப்பதற்கும் அது பயன்படுகின்றது.

இவ்வாயுவின் பெரும்பகுதி மீதேன். அது எரியும்போது காபனீரொட்சைட்டு உண்டாகின்றது; எரியாமற் கசிந்தால் அதனிலும் பன்மடங்கு வன்மையுடன் பூமியின் வெப்பத்தைக் கூட்டுகின்றது. அடுப்புச் சுவாலையிலிருந்து எழும் நைதரசனீரொட்சைட்டு சுவாச நோயாளருக்குத் தீங்கானது. குழாய்களாலும் ஆபத்துண்டு. 2010ஆம் ஆண்டு செப்டெம்பரில், கலிபோர்ணியாவின் சான் புரூனோ என்னும் ஊரில் வாயுக் குழாயொன்று வெடித்து எட்டுப் பேர் மாண்டனர். 38 வீடுகள் அழிந்தன.

இத்தகைய காரணங்களை எண்ணியே, அதே மாநிலத்துப் பேர்க்கிலி நகரசபை 2019 ஜூலையில் ஒரு சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. புதிதாக எழும் கட்டடங்களுக்கு வாயுக் குழாய் பொருத்தலாகாது என்பதே அதன் சாரம். பழைய வீட்டின் அடுப்பை எவரும் பறிக்கவில்லை. ஆயினும் உணவக உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. இரும்புத் தாச்சியைச் சுவாலையின் மேல் ஏந்தி வறுக்கும் சமையலுக்கு மின் அடுப்பு ஈடாகாது என்பது அவர்தம் முறைப்பாடு. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், 1975ஆம் ஆண்டின் மத்திய சட்டமொன்றுக்கு இது முரணானது எனத் தீர்த்தது. 2024இல் சட்டத்தை நீக்க நகரசபை இணங்கியது. அவ்வாண்டு நவம்பரில், வாயு பயன்படுத்தும் பெரிய கட்டடங்கள் மீது வரி விதிக்கும் யோசனையையும் அந்நகர வாக்காளர் நிராகரித்தனர்.

ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகரின் வரலாறும் கருதத்தக்கது. அங்கு 2023 பெப்ரவரியில் இதையொத்த சட்டம் நிறைவேறியது. அதனைப் பொதுவாக்கெடுப்புக்கு விடக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். மேற்கூறிய தீர்ப்பும் வெளிவந்த பின்னர், ஜூலை மாதத்தில் நகரசபை தானே அச்சட்டத்தை நீக்கிக்கொண்டது. அக்கையொப்பங்களைத் திரட்டும் முயற்சிக்கு வாயு விற்கும் நிறுவனமொன்று பெரும்பணம் உதவியது என்பதையும் மறத்தலாகாது. மக்களின் குரலோடு வாணிகத்தின் குரலும் கலந்தொலிக்கும். இரண்டையும் பிரித்தறிவது கேட்போரின் கடமை.

அமெரிக்க நகரசபைக் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து சில நிமிடங்கள் பேசும் வழக்கம் உண்டு. அது போற்றத்தக்கதே. ஆனால் மாலையில் கூடும் சபைக்கு, அவ்வேளையில் உணவகத்து அடுப்பின் முன் நிற்கும் சமையற்காரர் வருவதெங்ஙனம்? மின்கட்டணம் உயருமோ என அஞ்சும் வாடகைக் குடியிருப்பாளரும், குழாய் பொருத்திப் பிழைக்கும் தொழிலாளியும், இருமலால் வருந்தும் பிள்ளையின் தாயும் தத்தம் வேலையை விட்டு வருதல் எளிதன்று. வாசலைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது. வர இயலாதோரைத் தேடிச் சென்றும் கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்டால் சட்டம் நெகிழ்வு பெறும். 2021இல் நியூயோர்க் நகரம் இயற்றிய சட்டம் உணவகச் சமையற்கூடங்களுக்கும், மருத்துவமனைகளுக்கும், சலவைச் சாலைகளுக்கும் விலக்களித்தது. உயர்ந்த கட்டடங்களுக்கு 2027 வரை தவணையும் தந்தது. எந்த நகரமும் ஆராயத்தக்க வழி இது.

மக்களுக்கும் ஒரு கடமையுண்டு. பழகிய அடுப்பின் மீதுள்ள பற்றை மட்டும் முன்வைத்தல் சாலாது. சட்டம் கூறுவது யாது, கூறாதது யாது என்பதைப் படித்தறிந்து பேசுதல் வேண்டும். புதிய கட்டடத்துக்குரிய விதியைத் தம் வீட்டுக்குரியதாக எண்ணி அஞ்சுவோரும், அவ்வச்சத்தை அறியாமையென இகழும் ஆட்சியாளரும் ஒருவரையொருவர் கேளாதவரையில், நல்ல நோக்கத்துடன் பிறந்த சட்டமும் நிலைத்தல் அரிது.