வாயில் நுழையாத பெயரும் வாயில் கரையும் பண்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் குறளையும் சிலம்பையும் பற்றிப் பேசி அமர்ந்த மேடை இது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் நாம் இங்கே எதைப் பேசுவது? செயலாளர் அவர்களைக் கேட்டோம். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். நமக்கு நன்றாகத் தெரிந்தது தின்பதொன்றே. ஆகவே வாயில் நுழையாத பெயர் கொண்ட அயல்நாட்டு இனிப்புகளைப் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளோம். நகைப்புக்குரிய பொருள்போலத் தோன்றினும், இதனுள் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

சென்ற ஆண்டு நம் மூத்த மகள் பி.யூ.சி. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். "என்ன வேண்டும் அம்மா, கேள்" என்றோம். பெரிய வீதியில் உள்ள இனிப்புக் கடையொன்றைச் சொன்னாள். மாலையில் இருவரும் சென்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பண்டங்கள். ஒவ்வொன்றின் முன்னும் சிறு அட்டையில் பெயர். மகள் சுட்டிய ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்து, "தம்பி, கிரீம் புருலி இரண்டு கொடுங்கள்" என்றோம். பின்னால் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தனர். நாம் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் சர்க்கரையை விலக்கச் சொல்லியிருப்பதாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

பேருந்தில் அவள் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அடுத்த தடவை நீங்கள் வெளியிலேயே நில்லுங்கள் அப்பா, நான் போய் வாங்கி வருகிறேன்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆயினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகள் நம்மைவிட முன்னே செல்வது மகிழ்ச்சியே. ஆனால், தந்தையை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகும் வழக்கம் ஓர் இனிப்பில் தொடங்கினால், அது எங்கே போய் முடியும்?

மறுநாள், ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்திய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "பிரெஞ்சுக்காரர் எழுதுவதையெல்லாம் உச்சரிக்க மாட்டார். அது க்ரெம் ப்ரூலே" என்று சொல்லிக் கொடுத்தார். பொருள் என்னவென்று வினவினோம். "கருக்கிய பாலேடு" என்றார். அவ்வளவுதானா! 1691ஆம் ஆண்டிலேயே பிரான்சில் மாஸியலோ என்பவர் எழுதிய சமையல் நூலில் இது இடம்பெற்றுள்ளது. பாலேடு, முட்டையின் மஞ்சட்கரு, சர்க்கரை மூன்றையும் கலந்து, மிதமான சூட்டில் இறுக வைத்து, மேலே சர்க்கரை தூவி அதைத் தீயால் கருக்குகின்றனர். நம் வீட்டில் பால் கருகினால் ஏச்சு. பாரிசில் கருகினால் விலை!

அன்று முதல் மற்றப் பெயர்களின் பொருளையும் தேடலானோம். 'ஏக்லேர்' என்றால் மின்னல். 'சூஃப்லே' என்றால் ஊதி உப்பியது. 'மில்ஃபய்' என்றால் ஆயிரம் இதழ். நம் பெங்களூரில் கலியாணப் பந்தியில் பரிமாறும் சிரோட்டியும் இதழ் இதழாகப் பிரிவதுதானே! இத்தாலியரின் 'டிராமிசு' என்பதற்கு, 'என்னைத் தூக்கி நிறுத்து' என்று பொருள். காப்பியில் நனைத்த பிஸ்கோத்துகளை அடுக்கிச் செய்வது. காப்பியில் பிஸ்கோத்தை நனைத்துத் தின்பது நமக்குப் புதிதா? பெயரின் மேலோட்டை உடைத்தால், உள்ளே அடுக்களைப் பேச்சே இருக்கிறது. தேன்குழல் என்று பெயர் வைத்த நம் பாட்டிமாரும் அத்தகையோரே அன்றோ?

அயல் இனிப்பும் நமக்குப் புதிதன்று. அல்வா என்பது அரபுச் சொல். பர்பி என்பது பனியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பிஸ்கோத்து போர்த்துகீசியர் தந்த பெயர். ஐரோப்பாவில் பாதாம் சேர்த்துச் செய்யும் மக்கரூனைத் தூத்துக்குடியார் முந்திரி சேர்த்துச் செய்து மக்ரூன் என்றனர். அம்முந்திரியும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்ததே. வடசொல் தமிழுக்குள் வருங்கால் தன் எழுத்தை விட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். ஹல்வாவின் முதலெழுத்தை நம் முன்னோர் மாற்றிக்கொண்டபோது எவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்நகரையே பாருங்கள். 1809இல் இங்கே தண்டு அமைந்தது; படையோடு நம்மவர் பலர் வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. மேலும் பலர் வந்தனர். வெள்ளையர் உண்ட கேக்கும் ரொட்டியும் தண்டுப் பகுதியில் பரவின. மாஸ்க் ரோட்டு ஆல்பர்ட் பேக்கரி 1902 முதல் நடப்பது. ஹாசன் பக்கத்து ஐயங்கார்களோ அக்கேக்கை முட்டையின்றியே செய்யக் கண்டு, நகரெங்கும் கடை பரப்பினர். இன்று தேன் கேக்கை அயல்நாட்டுப் பண்டம் என்று யார் நினைக்கிறார்கள்? வந்தவர்களும் வந்த பண்டங்களும் ஊரோடு கலந்ததே பெங்களூர்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் ழகரம் பழங்கன்னடத்திலும் இருந்து பின்னர் வழக்கொழிந்த எழுத்து. கொழுக்கட்டை என்று சொல்ல முயன்று, 'கொளுக்கட்டை' என்ற பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாரைப் பார்த்து நாம் குடும்பத்தோடு சிரித்ததுண்டு. கடையில் நம் முதுகுக்குப் பின்னால் கேட்டது அதே சிரிப்புத்தான் என்பது மெல்லத்தான் விளங்கிற்று.

அடுத்த சம்பள நாளில், மகளையும் இல்லாளையும் அழைத்துக்கொண்டு அதே கடைக்குச் சென்றோம். கற்ற பெயர் நாவில் இருந்தது, ஆயினும், "தம்பி, இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று உரக்கவே கேட்டோம். "எனக்கும் வந்த புதிதில் வாயில் வரவில்லை சார், நான் வாணியம்பாடி" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தான். மேலோட்டைக் கரண்டியால் தட்டினோம், கண்ணாடிபோல் உடைந்தது. இல்லாள் ஒரு வாய் உண்டு, "பால்கோவா அடிப்பிடித்ததுபோல் இருக்கிறது, ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் யாரேனும் சிரித்தனரா என்று நாம் கவனிக்கவில்லை.

பெரியோர்களே! தெரியாத பெயரைக் கேட்டறிவதில் இழுக்கு இல்லை. தெரியாமைக்கு அஞ்சிப் பொய் சொல்வதிலேதான் இழுக்கு. முட்டை விலக்குடையோர் அதையும் கூசாமல் கேளுங்கள். இளஞ்செல்வங்களே! உங்கள் பெற்றோரின் நா தடுமாறும்போது அவர்களை வாசலில் நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்துச் சென்று சொல்லிக் கொடுங்கள். அவர்கள்தாம் உங்களுக்கு முதற் சொல்லைச் சொல்லித் தந்தவர்கள்.

விழா முடிவில் நம் மகளிர் கொழுக்கட்டை வழங்க இருக்கிறார்கள். வந்திருக்கும் கன்னட நண்பர்கள் அதன் பெயரை எப்படிச் சொல்லிக் கேட்டாலும், சிரிக்காமல் இரண்டிரண்டாகக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.