கடிகாரமும் சதுரங்கப் பொறியும்



நாகப்பட்டினத்தில் என் வீட்டுத் திண்ணைக்குச் சதுரங்கம் ஆட வரும் மாணவன் ஒருவன், சென்ற மாதம் வாடிய முகத்துடன் வந்தான். "ஐயா, கணிப்பொறியின் வலிமையை 1500 என்று வைத்துப் பத்து முறை ஆடினேன், பத்திலும் தோற்றேன். போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை" என்றான்.

"ஓர் ஆட்டத்திற்கு எவ்வளவு நேரம் வைத்தாய்?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு மூன்று நிமிடம், ஐயா."

அவன் அயர்வுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்தை நீங்கள் அறிவீர்கள். 1998-இல் உலகத் தரவரிசையில் இரண்டாமவராக விளங்கிய அவர், 'ரெபெல்' என்னும் சதுரங்கப் பொறியுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். முதல் வகை, ஐந்து நிமிட மின்னல் ஆட்டங்கள் நான்கு. பொறி 3–1 என வென்றது. அடுத்து, பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு. அவற்றிலும் பொறியே ஒன்றரைக்கு அரை என முந்தியது. இறுதியாக, நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் தரும் ஆட்டங்கள் இரண்டு. அவற்றில் ஆனந்த் ஒன்றரைக்கு அரை என வென்றார். ஆடியவரும் அவரே, பொறியும் அதுவே. மாறியது கடிகாரம் ஒன்றே!

காரணம் யாது? பொறி நொடிப்பொழுதில் எண்ணற்ற நிலைகளை ஆராய்ந்துவிடும். நாமோ அவசரத்தில் கண்ணெதிரே உள்ள ஆபத்தையும் காணத் தவறுகிறோம். நேரம் கூடினால் இருவருக்கும் நன்மை உண்டு. எனினும் மனிதனுக்கே அது மிகுதி.

இன்றைய பொறிகளோ நெடுநேர ஆட்டத்திலும் மனிதரை வெல்வன. ஆகவே அவற்றின் வலிமையைக் குறைத்து வைக்கிறோம். 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் பொறி, குறைந்த நிலையில் வைத்தால், இடையிடையே தாழ்ந்த நகர்த்தலை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கும். அதன் வலிமை எண்ணை அமைத்தோர், இரண்டு நிமிடமும் நகர்த்தலுக்கு ஒரு வினாடியும் என்ற கணக்கில் அதனை அளந்தனர். வேறு வேகத்தில் ஆடுவோருக்கு அவ்வெண் அப்படியே பொருந்தாது.

இத்தனை கலம் நெல் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், எத்தனை மா நிலத்தில் என்று நாம் கேட்பதில்லையா? அதுபோல, வலிமை எண்ணைச் சொன்னால் நேரத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மாணவனிடம், "எண்ணை மாற்றாதே, நேரத்தை அரை மணியாக்கு" என்றேன். மறுவாரம் பத்தில் மூன்று வென்று வந்தான். போட்டிக்கும் பெயர் கொடுத்தான்.

அளவுகோல் இன்னதென்று அறியுமுன் உங்களை நீங்களே குறைத்து மதிப்பிடாதீர்கள்.