பள்ளிக்குப் போகும் பக்குவம்

 

கல்வியைப் பற்றிப் பேசுவதற்குப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாம். ஐ.ஐ.டி. இருக்கும் இந்தக் கரக்பூரில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் என்னைச் செயலாளர் பேசப் பணித்ததற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், விண்ணப்பம் நிரப்பவும், பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் நம் காலனியார் பலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள்.

வருகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “சார், பையன் நூறு வரைக்கும் எண்ணுகிறான்; ஏ, பி, சி, டி முழுதும் ஒப்பிக்கிறான்; இன்டர்வியூவில் தேறிவிடுவானா?” பையனும் பக்கத்தில் நின்று, கேட்பதற்கு முன்பே ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறான். ஆனால், “இவன் அம்மாவை விட்டு மூன்று மணி நேரம் இருப்பானா? தன் டப்பாவைத் தானே திறந்து சாப்பிடுவானா? காற்சட்டைப் பொத்தானைக் கழற்றிப் போடுவானா?” என்று என்னிடம் கேட்ட தகப்பனார் இதுவரை ஒருவரும் இல்லர். பள்ளிக்குப் போகும் பக்குவம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததும் இதுவே.

நம் ஊர்ப் பக்கத்தில் முன்னாளில் ஒரு சோதனை இருந்தது. இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தலைமை ஆசிரியர் குழந்தையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதில் பட்டால் பள்ளியில் இடம் உண்டு. படாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார். இதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அதில் ஒரு கணக்கு இல்லாமல் இல்லை. பச்சைக் குழந்தைக்கு உடம்பை நோக்கத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீள்கிறது. ஏறக்குறைய ஆறு வயதை ஒட்டி விரல் எதிர்க் காதை எட்டிவிடுகிறது. பிறப்பைப் பதிந்துவைக்கும் வழக்கம் பரவாத காலத்தில், வயதை மதிப்பிட இதைவிட மலிவான கருவி வேறு கிடைத்திராது. அது கையைத்தான் அளந்தது, கருத்தை அளக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் நாலு வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யும் இன்றைய சில பள்ளிகளைவிட அந்தப் பழைய ஆசிரியர் எவ்வளவோ கருணை உள்ளவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதுவும், நம் வங்காள நண்பர்கள் சரஸ்வதி பூஜையன்று சிலேட்டும் சுண்ணக்கட்டியும் கொடுத்துச் செய்கிற ‘ஹாதே கொடி’யும் மங்கல ஆரம்பங்கள், பரீட்சைகள் அல்ல. அன்று எழுதிய குழந்தை மறுநாள் மறந்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி வயது விஷயம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறியது. அது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உரியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தளக் கட்டமாக வகுத்து, முதல் வகுப்புக்கு ஆறு வயது என்று வைத்தது. 2022-23 கல்வியாண்டு முதல் கேந்திரிய வித்தியாலயங்களும் முதல் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டுமென்று மாற்றிக்கொண்டன. பெற்றோர் சிலர் நீதிமன்றம் சென்றும் அந்த விதி நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டிலோ ஐந்து வயது நிறைந்தாலே முதல் வகுப்பில் சேர்க்கலாம். தென்னக ரயில்வேக்கு மாற்றல் கேட்டு எழுதிக் காத்திருப்பவர்கள் இந்த ஒரு வருஷ வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு வருஷத்தைத் தாண்டுவதற்குப் பிறந்த தேதியைத் திருத்தலாமா என்று மெல்லிய குரலில் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் மேசையிலிருந்து ஒரு வார்த்தை. பள்ளியில் எழுதிய தேதி மெட்ரிகுலேஷன் சான்றிதழுக்குப் போகிறது. சான்றிதழிலிருந்து சர்வீஸ் புத்தகத்துக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்துவிட்டால் பிறகு அசைவதே இல்லை. சீக்கிரம் பள்ளியில் சேர்க்க வேண்டுமென்று பெற்றோர் ஒரு வயதைக் கூட்டிச் சொன்னதால், உண்மையில் ஐம்பத்தொன்பது வயதிலேயே அறுபது என்று மாலை போட்டு வழியனுப்பப்பட்டவர்கள் ரயில்வேயில் உண்டு. ஒரு முழு வருஷச் சம்பளம்! ஐந்து வயதில் மிச்சம் பிடித்த வருஷத்தை அங்கே வட்டியோடு கட்டினார்கள்.

நிற்க. வயது நிறைந்துவிட்டது, குழந்தை பக்குவப்பட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? இதற்குப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை, சமையலறையே போதும்.

பட்டாணி உரிக்கக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்தால்தான் தோல் பிரியும். அதே இரு விரல்கள்தாம் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கண்ணும் கவனமும் தெரிந்துவிடும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். பொத்தான் போடுவதையும், ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் சிந்தாமல் ஊற்றுவதையும் அவர் பாடமாகவே வைத்தார். நம் பாட்டிமார் இதைக் கேட்டால், “இதற்கு ஒரு பள்ளிக்கூடமா?” என்பார்கள். பாட்டி இல்லாத வீடுகள் பெருகிவிட்டபடியால் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது.

கோடு வரைவதிலும் ஒரு படிமுறை உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்ற மருத்துவர் பல்லாண்டுகள் குழந்தைகளைக் கவனித்து எழுதினார். நாம் வரைந்து காட்டிய வட்டத்தைக் குழந்தை மூன்று வயதளவில் பார்த்து வரைகிறது. கூட்டல் குறி நான்கு வயதளவில் வருகிறது. சதுரத்துக்கு ஐந்து ஆகிறது. முக்கோணம் அதற்குச் சற்றுப் பிந்துகிறது. சாய்சதுரம், அதாவது நம் பர்பித் துண்டின் வடிவம், பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் கைகூடுகிறது. ‘அ’ என்ற நம் முதலெழுத்தைப் பாருங்கள்: அதில் சுழி உண்டு, வளைவு உண்டு, நேர்க்கோடும் உண்டு. சதுரமே வராத கையை மூன்றரை வயதில் பிடித்து நான்கு வரி நோட்டில் எழுதச் சொல்லி அடிப்பது, இருப்புப்பாதை போடுமுன் எஞ்சினை ஓட்டச் சொல்வது போலத்தான்.

எண்ணுவதைப் பற்றி முன்பே சொன்னேன். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையிடம், “ஏழு கரண்டி எடுத்து வா” என்று சொல்லுங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும். ஒப்பித்தல் பாட்டு, எடுத்து வருதல் கணக்கு. சுவிட்சர்லாந்து நாட்டு ஜான் பியாஜே காட்டிய வேடிக்கை ஒன்றையும் செய்து பார்க்கலாம். ஆறு நாணயங்களை ஒரு வரிசையாகவும், வேறு ஆறு நாணயங்களை அதற்கு நேராக இன்னொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை அகற்றி அகற்றி வைத்து, எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைகளில் அநேகர் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். இது மந்தம் அன்று. அந்த வயதின் இயல்பு. ஆறு, ஏழு வயதில் அதே குழந்தை, “நீங்கள் நகர்த்தித்தானே வைத்தீர்கள்!” என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். நடுவில் நாம் கற்றுக்கொடுத்தது ஒன்றுமில்லை.

மொழிக்கு வருகிறேன். நம்மைப்போல் வெளிமாநிலத்தில் குடியிருப்போருக்கு முள் தைக்கும் இடம் இதுவே. நம் காலனிப் பெண் குழந்தை ஒருத்தியை ஒரு பள்ளியில் நேர்முகத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த அம்மையார் ஒரு வண்ண அட்டையைக் காட்டி, “யே கௌன்ஸா ரங் ஹை?” என்றார். குழந்தை வாய் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார், அப்போதும் திறக்கவில்லை. ‘குழந்தை மந்தம்’ என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தையை நான் அறிவேன். பாட்டியோடு உட்கார்ந்து புடவை மடிக்கையில், இது மாம்பழ நிறம், இது அரக்கு, இது கத்தரிப்பூ, இது மயில்கழுத்து, இது கிளிப்பச்சை என்று பெயர் சொல்லிச் சொல்லி அடுக்குகிறவள். அந்த அட்டையில் ஏழெட்டு நிறங்களே இருந்தன. அவளுக்குத் தெரிந்த நிறங்களில் பாதிக்கு அந்த அம்மையாருக்குப் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வாறு குழந்தையைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் சோதனையை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் பள்ளி மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பின்பு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. 2022இல் வெளியான அடித்தளக் கட்டக் கலைத்திட்டமும் இந்த வயதுக்குத் தேர்வு முறை தகாது, கூர்ந்து கவனித்து அறிவதே தகும் என்கிறது. குழந்தைகளின் அறிவை அளக்கும் கருவியை 1905இல் பாரிஸ் நகரில் முதன்முதல் அமைத்த ஆல்பிரட் பீனே என்பவர்கூட, எந்தக் குழந்தைக்கு அதிக உதவி தேவை என்று கண்டுகொள்வதற்காகவே அதை அமைத்தார். கதவைச் சாத்துவதற்கு அல்ல.

பள்ளியின் செயலைவிட எனக்கு வருத்தம் தந்தது பின்னர் வீட்டில் நடந்தது. இனிமேல் இங்கே இந்தியும் ஆங்கிலமுமே பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். அந்தப் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் எல்லோருக்கும் உள்ள அச்சந்தான். ஆனால் விளைந்தது என்ன? பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார்; அந்த வீட்டில் கதை நின்றுபோயிற்று. அரைகுறை இந்தியில் தாய் கேட்பதும், ஒற்றைச் சொல்லில் குழந்தை விடை சொல்வதுமாக ஒரு வருஷம் போயிற்று. ஒரு குழந்தை நடந்ததை முன்னும் பின்னும் கோத்துச் சொல்கிறதா, ‘ஏன்’ என்று கேட்கிறதா, “உள்ளே போய்த் தம்ளரை எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்து” என்றால் மூன்றையும் மறவாமல் செய்கிறதா என்பவையே மொழிப் பக்குவம். அது தமிழில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் அஸ்திவாரம் ஆகும். கல், கண், மரம் என்ற மூன்றில் ஒலி மாறித் தொடங்குவது எது என்று கண்டுபிடிக்கும் காது, இந்திச் சொற்களிலும் கண்டுபிடிக்கும். நம் தெருப் பிள்ளைகள் கோலி விளையாடுகையில் தெலுங்கும் வங்காளியும் இந்தியும் யார் கற்றுக்கொடுத்தார்கள்?

ஆனால் ஒன்று செய்யுங்கள். தண்ணீர் வேண்டும், ஒன்றுக்குப் போக வேண்டும், வயிறு வலிக்கிறது, அவன் என்னை அடிக்கிறான்: இந்த நான்கையும் பள்ளியில் வழங்கும் மொழியில் சொல்லக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். இவற்றைச் சொல்லத் தெரியாமல் ஈரப் பாவாடையோடு மதியம் வரை உட்கார்ந்திருந்த குழந்தைகள் உண்டு. வகுப்பு ஆசிரியையிடமும், ‘இவளுக்கு வீட்டில் தமிழ், இங்கே சில வாரம் மௌனமாக இருப்பாள்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நல்ல ஆசிரியை அதற்கேற்ப நடப்பார்.

பக்குவம் குறைவாகத் தோன்றும் குழந்தையை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். வயது நிறைந்துவிட்டால் வீட்டில் நிறுத்திவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். நிழலில் வைத்த செடிக்கு வெயில் எப்படி வரும்? முதல் வகுப்பின் முதல் மூன்று மாதத்தை விளையாட்டாகவே நடத்தும்படி 2021இல் ‘வித்யா பிரவேஷ்’ என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அது நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தை, நாலு வயதாகியும் வெளியார் புரிந்துகொள்ளும்படி பேசாத குழந்தை, தொலைக்காட்சியின் மூக்கருகே போய் நிற்கும் குழந்தை, மற்றப் பிள்ளைகள் பக்கம் திரும்பியே பாராத குழந்தை: இவர்களை நம் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காதையும் கண்ணையும் முதலில் பார்க்கச் செய்யுங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கிய பையனுக்குக் காதில் சீழ் இருந்ததை நம் காலனியிலேயே கண்டிருக்கிறோம்.

சங்கச் செயற்குழு ஒரு சிறு ஏற்பாட்டுக்கு இசைந்திருக்கிறது. வருகிற மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நம் நூலக அறையில் ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இரு தாய்மார்கள் இருப்பார்கள். பல்லாங்குழி, சோழி, சுண்ணக்கட்டி, பழைய பொத்தான் வைத்த சட்டைகள் எல்லாம் இருக்கும். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வரலாம். சான்றிதழ் ஒன்றும் தரப்படாது, மதிப்பெண்ணும் இல்லை. பாட்டிமாரும் உடன் வந்தால் கதை சொல்ல ஆள் கிடைக்கும்.