நடுவயதிலும் உழக்குவோம்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் வரலாற்றைப் பேசுவதற்கு எம்மைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்திருப்பது நாற்பத்தைந்தைத் தாண்டிய நமது உடம்பைப் பற்றியும் நாம் கைவிட்ட சைக்கிளைப் பற்றியும்தான். சனிக்கிழமை காலைகளில் ஒன்றாகச் சைக்கிள் ஓடும் பழைய மாணவிகள் சிலரின் சார்பில் இந்த உரை. இதை வைத்திய ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சகோதரிகள் கூடியிருந்து கதைக்கும் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் இங்கு படித்தவர்களுக்குச் சைக்கிள் ஓர் உடற்பயிற்சிக் கருவியாக இருக்கவில்லை. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டிருந்த அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சங்கக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே வாகனம். அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலியும் கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவில், அரிசி மூட்டையும் பாயும் பிள்ளையும் ஏறியது அதன் கரியரில்தான். அப்போது தொடை பெரிதா இடுப்பு பெரிதா என்று எவரும் பார்க்கவில்லை. கால் உழக்கினால் போதும்.

பிறகு ஸ்கூட்டர் வந்தது, கலியாணம் வந்தது, சிலருக்கு வெளிநாட்டு விசா வந்தது. சைக்கிள் கொட்டிலில் துருப்பிடித்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது பலர் அதைத் தூசி தட்டி வெளியே எடுத்தோம். ஏறி உழக்கியபோதுதான் மூச்சும் முழங்காலும் தத்தம் முறைப்பாடுகளைச் சொல்லின.

முறைப்பாடு சொல்பவர்கள் வெளியிலும் உண்டு. கலியாண வீட்டில் ஒருவர், "என்ன, நல்லாய் உடம்பு வைச்சிட்டீர்?" என்பார். கொஞ்சம் மெலிந்து போனால் அவரே, "ஏன் இப்பிடி வத்திப்போனீர், ஏதும் வருத்தமோ?" என்பார். இந்த இரண்டு கேள்விக்கும் தப்பக்கூடிய உடம்பு நம் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் சும்மா போவதில்லை. இந்த மலருக்காக வகுப்புப் படங்கள் கேட்டபோது, "இப்ப வேண்டாம், கொஞ்சம் மெலிஞ்சாப் பிறகு அனுப்புறன்" என்று பதில் எழுதியவர்கள் ஒருவர் இருவரல்லர். இந்தப் பேச்சுக்குக் காரணமே அந்தப் பதில்கள்தான்.

நடுவயதில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலானோருக்கு 45 இற்கும் 55 இற்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைய, முன்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றைச் சுற்றித் தங்கத் தொடங்குகிறது. எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. வயதோடு தசையும் குறைவதால், முன்பு சாப்பிட்ட அதே அளவு புட்டு இப்போது மிஞ்சிப்போகிறது. இது சோம்பலுக்குக் கிடைத்த தண்டனை அல்ல, உடம்பின் இயல்பு. அதற்காகக் கவனமின்றி இருக்கவும் முடியாது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டும்போதே நீரிழிவு, இருதய நோய் ஆபத்துக் கூடுகிறது. பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே தராசைவிட அளவு நாடா உண்மையைச் சொல்லும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சைக்கிள் ஓடினால் மட்டும் உடம்பு மெலியும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு மணித்தியாலம் ஆறுதலாக ஓடினால் 250 முதல் 300 கலோரி செலவாகலாம். இரண்டு ரோல்ஸும் சீனி போட்ட பால்தேநீரும் ஐந்து நிமிடத்தில் அதைத் திருப்பித் தந்துவிடும். சைக்கிள் தரும் நன்மை வேறு. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துப் பயன்படுத்துகிறது. இருதயம் பலப்படுகிறது. நித்திரை வருகிறது. முழங்காலுக்கும் ஓட்டத்தைவிட இது இதமானது. இவை அத்தனையும் தராசு முள் அசையாமலே நடக்கக்கூடியவை.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்மிற் பலருக்குத் தெரிந்த ஒரே வழி பட்டினி. காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டு, மத்தியானம் பசியில் ஒரு மலைச் சோறு. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும்; இந்த வயதில் நாம் இழக்கக்கூடாதது தசையைத்தான். நமது கோப்பையைப் பாருங்கள்: முக்கால்வாசி சோறு, கரையில் ஒரு துண்டு மீன். அந்தத் துண்டும் பலவேளை கணவருக்கோ பிள்ளைக்கோ போய்விடும். அதை முதலில் நிறுத்துவோம். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி புரதம், கால்வாசி சிவப்பரிசிச் சோறு என்று மாற்றுவோம்.

60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் வேண்டும். உடற்பயிற்சி செய்யும் நடுவயதினருக்கு 60 கிராமுக்கு மேல் நல்லது என்று போசணை வல்லுநர் பலர் கருதுகின்றனர். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் 20, அவித்த பருப்பு 100 கிராமில் 9. அவித்த கடலையும் பயறும் நம் கைக்கெட்டியவை. எலும்புக்குக் குரக்கனும் எள்ளும் முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் உண்டு. கருவாடாக வாங்கினால் பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் கவனிக்கவேண்டும். புறப்படுமுன் ஒரு வாழைப்பழம், வழியில் தண்ணீர். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் இனிப்பும் வைத்திருங்கள். சீனி சடுதியாக இறங்கலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

சைக்கிளிலும் ஒரு குறை உண்டு. நம் பாரத்தை இருக்கை தாங்குவதால் எலும்புக்கு வேலை குறைவு. எனவே நடையும் படியேற்றமும் வேண்டும். கிழமையில் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருப்பதும் நல்ல தொடக்கம்.

இருக்கையைப் பற்றி வெட்கப்படாமல் கதைக்கவேண்டும். இந்த வயதில் தோல் மெலிந்து உலர்வதால் உரசலும் நோவும் வரும். பலர் சைக்கிளைக் கைவிடுவது இதனால்தான். ஆனால் வெளியே சொல்வதில்லை. சற்று அகன்ற இருக்கை, பெடல் கீழே போகும்போது முழங்கால் சிறிதே மடியும் உயரம், தடித்த தையல் இல்லாத பருத்திக் காற்சட்டை ஆகியன உதவும். அதற்குப் பிறகும் நோவிருந்தால் வைத்தியரிடம் சொல்லலாம், மருந்து உண்டு.

"இந்த வயதில் ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்பது கடைசித் தடை. அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி பிரான்சிஸ் வில்லார்ட் சைக்கிள் பழகியபோது அவருக்கு வயது 53. நீண்ட பாவாடைக் காலம் அது. தன் சைக்கிளுக்குக் கிளாடிஸ் என்று பெயர் வைத்து, பழகிய கதையை 1895 இல் புத்தகமாகவும் வெளியிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள். கேலிப் பேச்சு அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் மெலிந்த பிறகு ஏறவில்லை, ஏறினார்கள், அவ்வளவுதான்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சோளகம் எதிர்த்து வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் உழக்குவது இலகுவல்ல. முதல் மாதம் பாதியில் இறங்கி உருட்டியவர்கள் இப்போது மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்புகிறார்கள். சிலருக்கு எடை குறைந்தது, சிலருக்குக் குறையவில்லை. ஆனால் எல்லோருக்கும் மாடிப்படி இலகுவாகிவிட்டது.

உள்ளூரில் இருப்பவர்கள் எங்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் உங்கள் ஊரில் இரண்டு தோழியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெலியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் படத்தையும் இப்போதே அனுப்புங்கள். மலரில் உங்கள் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.