பூவுக்கு ஒரு கோழிவலை

இங்கிலாந்தில் கல்யாண விருந்து என்றால் மேசை நடுவே பூவும் மெழுகுவத்தியும் இருக்கும். அந்த அலங்காரத்தையே புரட்டிப் போட்டவர் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை. ரோஜாவுக்குப் பக்கத்தில் கீரை இலையையும் வேலியோரக் கொடியையும் துணிந்து செருகுவார். 1937-ல் பிரான்சில், முடிதுறந்த அரசரான விண்ட்சர் கோமகனுக்கு நடந்த கல்யாணத்துக்கும் பூ அலங்காரம் அவருடையதுதான்.

தண்டு சாயாமல் நிற்க, கோழிவலையைக் கசக்கி ஜாடிக்குள் திணிப்பார். அவ்வளவுதான் ரகசியம்! அந்த வலைக்குப் பதிலாக 1954-ல் அமெரிக்காவில் பச்சை ஸ்பாஞ்ச் வந்தது. தண்ணீரை உறிஞ்சி, குத்திய பூவை அப்படியே பிடித்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் பிளாஸ்டிக், மக்காது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை போட்டது. கோழிவலைக்கு மறுபடி மவுசு.

மேசைப் பூ கண்மட்டத்துக்குக் கீழே இருக்கணும்; எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தி முகம் தெரிய வேண்டாமா? மெழுகுவத்தியும் வாசனை இல்லாததாக இருந்தால்தான் சாப்பாடு மணக்கும். சுடருக்கு மேலே இலை நீட்டிக்கொண்டிருந்தால் விருந்து முடிவதற்குள் கருகிவிடும். அதனால் மெழுகுவத்திக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டு, பூவைச் சற்றுத் தள்ளியே வைக்கிறார்கள்.