பழைய நோட்டு இருந்தால் கொண்டு வாங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

கொச்சி போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வேனில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கு. இந்தப் பயணத்துக்குக் குழுப் பணம் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. 22 பேர், மாதம் 100 ரூபாய் வீதம் பத்து மாதம் தனியாகச் சேர்த்தோம். "குழுக் காசில் ஊர் சுத்துறாங்க" என்று பேசியவர்கள் வந்து நோட்டைப் பார்க்கலாம்.

பொள்ளாச்சியில் ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினோம். எர்ணாகுளம் படகுத்துறைக்குப் போனதும் பாதிப் பேருக்குக் கால் நடுங்கிவிட்டது. ஆழியாறு அணையைத் தவிர அவ்வளவு தண்ணீரை எங்கே பார்த்தோம்? எங்கள் குழு ஆத்தாவுக்கு 68 வயது. "நான் இங்கயே உக்காந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க கண்ணு" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தை, கையில் பாத்திர மூட்டையோடு படகில் ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. ஆத்தா எழுந்து வந்துவிட்டார்.

கோட்டைக் கொச்சியில் இறங்கி, ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனோம். போர்த்துக்கீசியர் கட்டி 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர். இப்போது அருங்காட்சியகம். சுவர் முழுக்க ராமாயணம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் அதிக நேரம் பார்த்தது தரையைத்தான். கருப்பு மார்பிள் மாதிரி மின்னுகிறது. மார்பிள் இல்லையாம். கொட்டாங்குச்சிக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு கலந்து போட்டதாம். எத்தனை முட்டை ஆகியிருக்கும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு கூடத்தில் வரிசையாக ராஜாக்கள் படம். ஆத்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொம்பளைங்க யாருமே இல்லீங்களா?" என்று கேட்டார். அங்கிருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: இந்தக் குடும்பத்தில் ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது, பெண் வழியில் பிறந்தவர்களுக்குத்தான். ஆத்தா விடவில்லை. "அப்படீன்னா அந்தப் பொம்பளைங்க படம் எங்கீங்க?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

திரும்பும் படகில் பக்கத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். தமிழ் நன்றாகப் பேசினார். நாங்கள் சிரித்த கதையைக் கேட்டுவிட்டுத் தண்ணீரைக் கைகாட்டினார். 1913இல் புலையர் மக்கள் கரையில் கூட்டம் போட முடியாதாம். அதனால் வள்ளங்களைக் கொண்டு வந்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, இந்தக் காயல் மேலேயே கூட்டம் நடத்தினார்களாம். அதற்கு முந்தின வருடம் பக்கத்திலிருக்கிற முளவுகாடு தீவில் அதே சமூகத்தில் பிறந்தவர் தாட்சாயணி வேலாயுதன். பிறகு அரசியல் நிர்ணய சபைக்குப் போன 15 பெண்களில் ஒருவர். போனது நம் சென்னை மாகாணத்தின் சார்பில். எனக்கு அதுவரை அந்தப் பெயர்கூடத் தெரியாது.

அதற்கப்புறம் வேனில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவேண்டும்.

2001இல் எங்கள் குழு ஆரம்பித்தபோது 16 பேர். வாரம் 10 ரூபாய் சேமிப்பு. முதல் தீர்மான நோட்டில் பதினாறு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தார்கள். மூன்று வருடம் முன்பு ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது, அந்தப் பழைய மூட்டையை எடைக்குப் போட்டது நான்தான். 140 ரூபாய் வந்தது. ஒழுங்காக வரவும் எழுதினேன். அந்தப் பதினாறில் ஐந்து பேர் இப்போது இல்லை. முதல் கடன் 500 ரூபாய், பிரசவச் செலவுக்குக் கொடுத்தது. யாருடைய பிரசவத்துக்கு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பார்த்துச் சொல்ல நோட்டு இல்லை.

போன வாரம் ஆத்தா பரணில் தேடி அவருடைய முதல் பாஸ் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். பாதி கரையான் தின்றது. ஆனால் கைநாட்டு அப்படியே இருக்கிறது.

பீரோவில் மேல்தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பழைய நோட்டு, ரசீது, போட்டோ, முதல் உண்டியல் எது இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன். எடைக்குப் போடமாட்டேனுங்க.