தோலில் ஒட்டும் ஒரு சிறு மருந்து

(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் எங்கள் மலை ஊழியக் குழுவின் சார்பில் பேசப்பட்டது)



போன முறை ஜீப்பைப் பற்றிப் பேசினோம். இம்முறை தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தோலின்மேல் மருந்து வைப்பது நமக்குப் புதிதல்ல. எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்தால் பற்றுப் போடச் சொன்ன ஏசாயாவை நீங்கள் அறிவீர்கள். நம் பாட்டிமார் தலைவலிக்குச் சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார்கள். முதுகில் பெல்லடோனா பிளாஸ்திரியோடு ஆராதனைக்கு வந்த பெரியவர்களை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஜவ்வாது மலைக் கிராமங்களில் நாங்கள் ஒரு பிளாஸ்திரியை எடுத்து நீட்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எங்களுக்குச் சிரமமும் அங்கேதான். இதையும் அந்தப் பழைய பற்றுகளில் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் 'பேட்ச்' என்று அழைக்கும் இதில் இருப்பது ஃபென்டனில் என்னும் மருந்து. மார்பினைவிடப் பல மடங்கு வீரியமுள்ளது. புற்றுநோயின் கடும் வலிக்குக் கொடுப்பது. பிளாஸ்திரியில் உள்ள மருந்து மெள்ள மெள்ளத் தோலுக்குள் இறங்கி, முதலில் அதன் அடியில் தேங்குகிறது. பிறகுதான் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் ஒட்டியவுடனே வலி போகாது. 12 மணி முதல் 24 மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். ஒன்று ஒட்டினால் 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் நிற்கும். எடுத்துவிட்டாலும் தேங்கிய மருந்து அடுத்த நாள் வரை வேலை செய்துகொண்டே இருக்கும். இந்தக் கடைசிச் சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வரும்.

இது எல்லாருக்கும் அல்ல. மலையில் நாங்கள் பார்க்கிற நோயாளிகளில் விழுங்க முடிந்தவர்களுக்கு மார்பின் மாத்திரைதான் நல்லது. விலை குறைவு, வலிக்குத் தக்கபடி அளவை இன்றைக்கே கூட்டலாம், குறைக்கலாம். வாயிலும் தொண்டையிலும் புற்று வந்து, தண்ணீர்கூட இறங்காதவர்களுக்குத்தான் பேட்ச். அதுவும் ஏற்கெனவே மார்பினுக்குப் பழகிய உடம்பாக, வலி ஒரே சீராக இருப்பதாகப் பார்த்துத்தான் ஒட்டுகிறோம். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்றே சொல்கிறோம். அவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் மெந்தால் பிளாஸ்திரி போதும். உள்ளங்காலில் ஒட்டினால் உடம்பின் நஞ்சையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று ஒருவகை பிளாஸ்திரி விற்கிறார்களே, அதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். காலையில் அது கறுத்திருப்பது, அதிலுள்ள பொடியில் வேர்வை ஈரம் பட்டதால்தான்.

ஒட்டுகிற விதம் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலப் பொறுமை கேட்கிற வேலை. மார்பின் மேல்பக்கம், மேல்முதுகு, மேல்கை, இப்படிச் சமமான இடமாகப் பார்க்க வேண்டும். முடி இருந்தால் கத்தரியால் வெட்டலாம். சவரம் செய்யக் கூடாது, தோல் கீறினால் மருந்து அதிகம் இறங்கும். வெறும் தண்ணீரில் துடைத்து உலரவிட வேண்டும். சோப்பு, எண்ணெய் எதுவும் ஆகாது. உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேதியும் நேரமும் எழுத வேண்டும். அடுத்ததை ஒட்டுமுன் பழையதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். காலண்டர் இல்லாத வீட்டில் மூன்று நாளை எப்படிக் கணக்கிடுவது? சுவரில் கரிக்கோடு போடச் சொல்கிறோம்.

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்து போகிற கிராமம். தொண்டைப் புற்றுள்ள ஒரு பாட்டியம்மா. மகன் சாமைக் கொல்லையில் வேலை. மருமகள்தான் எல்லாம் பார்த்தாள். பேட்ச் ஒட்டிய பின்பு அந்த அம்மா பல வாரங்களுக்குப் பிறகு நீட்டிப் படுத்துத் தூங்கினார்கள். எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும், வெயிலில் உட்காராதீர்கள், வெந்நீர்ப் பை வைக்காதீர்கள் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு இறங்கினோம்.

அது மார்கழி மாதம். அந்த வீட்டில் வெந்நீர்ப் பை ஏது? குளிருக்கு மலை ஜனங்கள் அடுப்பின் பக்கத்தில்தான் படுப்பார்கள். பாட்டியம்மாவும் அடுப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்கள். நாங்கள் பேட்சை ஒட்டியிருந்தது மேல்முதுகில்.

மறுநாள் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் நர்ஸ் இருந்தது தேவனுடைய தயவு. மருமகள் ஓடிவந்து, "அத்தை எழுப்பினா கண்ணத் தொறக்குது சிஸ்டர், மறுபடி சொருகிடுது" என்றாள். போய்ப் பார்த்தபோது நிமிஷத்துக்கு எட்டு மூச்சுதான். பேட்சை எடுத்து, அடுப்பை விட்டுத் தள்ளிப் படுக்க வைத்து, இராமுழுதும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினார்கள். பேட்சை எடுத்தாலும் உள்ளே தேங்கியது போகாது என்று சொன்னோம் அல்லவா? மருந்தின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி பையில் இருந்தது. அதைப் போட்டால் வலி ஒரேயடியாய்த் திரும்பும்; போடாமல் பொறுப்பதா என்று ஒவ்வொரு மணி நேரமும் யோசித்தார்களாம். விடியற்காலையில் மூச்சு பன்னிரண்டுக்கு வந்தது. பாட்டியம்மா கண் விழித்து, யார் இது என்று கேட்டார்கள். ஊசி தேவைப்படவில்லை.

வெயிலைச் சொன்னோம், வெந்நீர்ப் பையைச் சொன்னோம், அடுப்பைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு இரவு தங்கியிருந்தால் சொல்லியிருப்போம். இப்போது ஒட்டுமுன் எங்கே படுக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறோம். காய்ச்சல் வந்தாலும் உடனே ஆள் அனுப்பச் சொல்கிறோம். உடம்புச் சூடும் அதே வேலையைச் செய்யும்.

உங்களில் சிலர் அன்போடு கேட்கிறீர்கள், பேட்சுகளை வாங்கி அனுப்பலாமா என்று. சென்ற வருஷம் ஒரு தம்பதியார் காலஞ்சென்ற தங்கள் தாயாருக்கு வாங்கி மீந்தவற்றைக் கண்ணீரோடு கொண்டுவந்தார்கள். எங்களால் வாங்க இயலவில்லை. மனம் வருந்தித்தான் மறுத்தோம். இது 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்து. 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பின்பு, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் இதை வாங்கி வைப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு, அது நியாயமும்கூட. ஒட்டி எடுத்த பேட்சிலும் மருந்து மீந்திருக்கும். அமெரிக்காவில் கீழே கிடந்ததைக் குழந்தைகள் வாயில் போட்டும் உடம்பில் ஒட்டியும் இறந்துபோனதால், 2012-இல் அந்நாட்டு மருந்துத் துறை பெற்றோரை எச்சரித்தது. மலை வீட்டில் பாட்டியின் பாயிலேயே பேரப்பிள்ளைகள் உருளுகிறார்கள்.

ஆகையால் உங்கள் காணிக்கையை நாங்கள் பெரும்பாலும் செலவழிப்பது பேட்சுக்கு அல்ல. மூன்று நாளைக்கு ஒருமுறை மலையேறுகிற நர்ஸின் சம்பளத்துக்கும், ஜீப்பின் டீசலுக்கும். ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் மரத்துக்கு மரம் நின்று வைத்தியம் பார்த்த நாளிலிருந்து இந்தச் சீமையில் இந்தச் செலவு குறைந்தபாடில்லை. ரசீதில் "பயணம்" என்று பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிவோம். அவர்களை ஒருநாள் எங்களோடு நடந்துவர அழைக்கிறோம்.

பாட்டியம்மாவை அந்த இரவுக்குப் பின் ஐந்து வாரம் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் இடைவெளி விட்டு, குறைந்த அளவுள்ள பேட்சாக, இம்முறை மார்பின் மேல்பக்கம் ஒட்டினோம். மகன் மறுசுவர் ஓரமாக மூங்கில் கட்டில் கட்டிக் கொடுத்தார். குளிருக்கு இரண்டு கம்பளி கொடுத்தோம். தை மாதக் கடைசியில், மருமகளின் மடியில், வலியில்லாமல் போனார்கள்.

கழற்றிய பேட்சுகளை ஒட்டும் பக்கம் உள்ளாக மடித்துப் போட ஒரு பால்பவுடர் டப்பா கொடுத்திருந்தோம். மருமகள் அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கூரை வளையில் கட்டியிருந்தாள். அடக்கத்துக்கு மறுநாள் தானே இறக்கி, துணியால் துடைத்து, "எண்ணிக்கோங்க சிஸ்டர்" என்று நீட்டினாள். பதின்மூன்று இருந்தது. எங்கள் நோட்டிலும் பதின்மூன்றுதான்.